இருபத்திரண்டு மணி பத்து நிமிடம்

ஜூன் 11, செவ்வாய்

அக்காவின் தலைமுடியில் இன்று தடம் இல்லை.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு பறந்துவிட்டு வந்தால், காதிலிருந்து காது வரை உச்சந்தலையில் முடி அமுங்கி ஒரு பட்டை விழுந்திருக்கும். எண்ணெய் வைத்து வாரினாலும் லேசில் போகாது. மதியம் சோறு போடும்போது பார்த்தேன். காலையில் நான் பின்னிவிட்டது கலையாமல் அப்படியே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சீட்டைக் கொடுத்தாள். விமானம்: ரோமியோ. தனியாக. 1:40. லாக்புக்கில் எழுதினேன்.

ஜூன் 12

இன்று தண்ணீர் லாரி வரவில்லை. அடிகுழாயில் எட்டுக் குடம்.

இந்த நோட்டு ஒன்பதாம் வகுப்பில் வாங்கியது. அறிவியல் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. பாதிதான் எழுதியிருந்தேன். மீதிப் பக்கத்தை வீணாக்காமல் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அக்கா எமிமா, விமானம் ஓட்டப் படிக்கிறாள். நான் கெசியா, சமைக்கிறேன். பயிற்சிப் பள்ளியின் ஓடுபாதை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும். சுற்றிலும் கரிசல் காடு. அக்காவுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்புண் வந்ததால், அப்பா என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தி இங்கே அனுப்பினார். அக்காவுக்காக நான் படிப்பை விட்டேன் என்று எல்லாரிடமும் சொல்வார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

சமையலோடு, அக்கா பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கை எழுதுவதும் என் வேலை. அக்காவின் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் கேப்டன் ஒருநாள் திட்டினார். அன்றிலிருந்து அவள் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பாள், நான் பார்த்து எழுதுவேன். பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்துப் போடுவாள். அழிரப்பர் கூடாது. வெள்ளை மை கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் புத்தகத்துக்கு உரியவரின் கையெழுத்து. இதுவரை நான் கோடு போடும்படி ஆனதில்லை.

ஜூன் 15

துணி துவைத்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. இரண்டு கிளிப் போட்டும் துப்பட்டா வேலி முள்ளில் போய் மாட்டிக்கொண்டது.

துவைக்கும்போதுதான் நினைவு வந்தது. போன வாரம், ஆறாம் தேதி வியாழக்கிழமை அக்கா தன் சீருடைக் கால்சட்டையைத் தானே துவைத்துக் காயப் போட்டிருந்தாள். பதினான்கு மாதத்தில் அது ஒன்றுதான். அன்று அவள் தனியாக ராமநாதபுரம் பக்கம் போய்த் திரும்பியிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "எறங்கும்போது காத்து கொஞ்சம் தள்ளிச்சு" என்றாள். அன்று தடம் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

சுவரில் ஒட்டியிருக்கும் தாளைத் தூசி தட்டினேன். லைசென்ஸ் வாங்கத் தேவையானவற்றை அக்கா தன் கையால் எழுதியிருக்கிறாள்.

மொத்தம் 200 மணி நேரம். அதில் தன் பொறுப்பில் ஓட்டியது 100. ஊர்விட்டு ஊர் போனது 20, அதிலே முந்நூறு கடல்மைல் பயணம் ஒன்று. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து 10. இருட்டில் 5. இவற்றுக்கு நேராக டிக் போட்டிருக்கிறது, முதல் வரியைத் தவிர.

எல்லாவற்றுக்கும் கீழே அப்பா பென்சிலால் 1500 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அத்தனை மணி நேரம் ஆனால்தான் பெரிய விமானத்தில் இடது பக்க இருக்கையில் கேப்டனாக உட்காரும் லைசென்ஸ். அது இன்னும் எத்தனையோ வருடம். அப்பாவுக்கு அதுதான் கணக்கு.

பத்தாம் தேதி வரை 168:10. ஆகஸ்ட் முடிவதற்குள் இருநூறு ஆக வேண்டும். இல்லையென்றால் அவள் எழுதித் தேறிய பரீட்சைகள் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆனி, ஆடிக் காற்று ஓய்ந்தால்தான் தொடர்ந்து பறக்க முடியும். காற்று ஓய்வதற்குள் ஆகஸ்ட் முடிந்துவிடும்.

ஜூன் 18

இன்று கேப்டனோடு பறந்தாள். 1:10. தடம் இருந்தது. சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏட்டி, மீன் கொழம்பா? வாசம் ஓடுபாதை வரைக்கும் வருது" என்றாள்.

ஜூன் 19

தனியாக, 2:30. தடம் இல்லை.

ஜூன் 21

தனியாக, 2:10. இல்லை.

காலையிலிருந்து மாடியில் வடகம் காயவைத்துக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தேன். ஓடுபாதையில் ஒரு விமானமும் ஏறவில்லை. காற்றின் திசை காட்டும் பை நட்டுவைத்த மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

எழுதினேன்.

ஜூன் 24, திங்கள்

சாயங்காலம் வழக்கம்போல வானொலிப் பயிற்சி. நான் கட்டுப்பாட்டுக் கோபுரம், அவள் விமானி. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன், அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். முகம் பார்க்காமல் பேசினால் எனக்கு வார்த்தை தடங்கலில்லாமல் வரும். இங்கிலீஷும் வரும்.

அக்காவோடு படிக்கும் தெய்வானை வந்திருந்தாள். உடுமலைப்பேட்டைக்காரி. வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏம்புள்ள, நெசமா கோபுரத்துல இருக்கற ஆளு உன்றகிட்டப் பிச்சை வாங்கோணும். பேசாம நீ அங்க ஏறி உக்காந்துக்கோ, அந்தாளு வந்து ரசம் வெக்கட்டும்."

எனக்குக் காது சுட்டது. கரண்டியை எடுத்துக் கிளறினேன். அவள் போன பிறகு தொடர்ந்தோம். அக்கா இறங்க அனுமதி கேட்டாள். நான் விண்ட் டூ செவன் ஜீரோ, ஒன் எய்ட் நாட்ஸ் என்றேன். மேற்கிலிருந்து பதினெட்டு நாட் வேகத்தில் காற்று. சும்மா வாயில் வந்த எண்தான். எங்கள் ஓடுபாதை தெற்கு வடக்கு, அதனால் அது பக்கவாட்டில் அடிக்கும் காற்று.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் அவள் இல்லை. கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "போதும்ட்டி. தலை வலிக்கி."

ஜூன் 27

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாசல் காவலாளிக்கு என்னைத் தெரியும் என்பதால் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

விமானம் நிறுத்தும் ஹேங்கரில் ரோமியோ மூடி திறந்து, எஞ்சின் வெளியே தெரிய நின்றது. மெக்கானிக் மீரான் அண்ணன் அடியில் தட்டு வைத்து எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. ரோமியோவுக்குக் காய்ச்சல், மூணு நாளா எந்திரிக்கல. அக்காவத் தேடியா வந்த?" என்றவர் தட்டைச் சாய்த்துக் காட்டினார். "இதப் பாத்தியா? அம்பது மணி நேரம் ஓடுன எண்ணெயாம். ஆபீஸ் புக்கு சொல்லுது. ஓடுன எண்ணெய் தார் மாதிரி கருத்துல்லா கெடக்கணும். இது தேன் கணக்கா இருக்கு. பணியாரத்துல ஊத்தித் திங்கலாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூன்று நாளாக எழுந்திருக்காத ரோமியோவில் அக்கா நேற்று 3:00 பறந்ததாக எழுதியிருக்கிறேன்.

வகுப்பறை ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். உள்ளே வேறு யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வலது கை முன்னால் எதையோ பிடித்துத் தள்ளியது. இடது கை மடியில் சுக்கானைப் பிடித்திருந்தது. கால்கள் மாறி மாறித் தரையை அழுத்தின. உதடு அசைந்தது. இங்கே எல்லாரும் இப்படி நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிப் பழகுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவள் ஏறினாள், திரும்பினாள், இறங்க வந்தாள். தரையைத் தொட வேண்டிய நேரத்தில் இரண்டு கையும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன. கண்ணைத் திறந்துவிட்டாள். மறுபடி மூடி, மறுபடி முதலிலிருந்து.

நான்கு முறை பார்த்தேன். ஒருமுறைகூட அவள் தரையிறங்கவில்லை.

தூக்குச் சட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28

தனியாக, 2:40 என்று சீட்டு. நான் எழுதவில்லை. காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்ட்டி எழுதல?"

கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ரோமியோவுக்கு எஞ்சின் மூடியே இல்ல."

அவள் சீட்டை மடித்து விரித்தாள். பிறகு பேசினாள். "எல்லாரும் செய்யுததுதான். தெய்வானைக்குப் பதினஞ்சு மணி நேரம் பேனாவுல ஓடியிருக்கு. ஆபீஸ்ல ஸ்டான்லி சாரே சொல்லுதாரு, விமானத்துப் புக்கையும் அவங்களே சரிபண்ணிருவாங்களாம், ரெண்டும் ஒத்துப் போயிருமாம். காத்து நிக்காதுட்டி. ஆகஸ்ட் நிக்குமா?"

நான் அடுத்த கத்தரிக்காயை எடுத்தேன்.

"ஒம்பதாங்கிளாஸ் தாண்டல. ஒனக்கு என்ன தெரியும்? எழுதுன்னா எழுது."

ஜூன் 29

எழுதிவிட்டேன்.

ஜூலை 2

1:50. தூசி. எவ்வளவு பெருக்கினாலும் சோற்றில் நறநறவென்று கடிபடுகிறது.

ஜூலை 4

தனியாக 3:10. மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு வரி எழுதுவதற்கு ஏன் மணிக்கட்டு வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

அப்பா போனில் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். புத்தகத்தைத் திறந்து கடைசி எண்ணைச் சொன்னேன். அதுதானே அங்கே இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்த கையோடு அப்பா தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கருவாடு, மக்ரூன், ஒரு மூட்டை உப்பு. உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவர் எங்கே போனாலும் உப்புதான் கொண்டுபோவார்.

மாடிக்குப் போய் நிற்கவைத்த விமானங்களைப் பார்த்தார். இங்கே விமானங்களைப் பதிவு எண்ணின் கடைசி எழுத்தை வைத்து ரோமியோ, டாங்கோ, விஸ்கி என்று கூப்பிடுவார்கள்.

"நீ எதுல ஓட்டுத?"

"ரோமியோல. செல நாள் விஸ்கில."

"கர்த்தரே. கோயில்ல கேட்டா ரோமியோன்னே சொல்லு. அந்த இன்னொண்ண வாயில எடுக்காத."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அக்கா சிரித்து எத்தனை நாள் ஆகிறது.

சாப்பிடும்போது அப்பா நிறுத்தாமல் பேசினார். "இருபத்தெட்டாந்தேதி ஸ்தோத்திர ஆராதனைன்னு சர்ச்சு ஐயர்கிட்ட சொல்லிட்டேன். அளத்துல எல்லாரும் வாராவ. அதுக்கப்பறம் ஆயிரத்தைநூறு."

"மொதல்ல இருநூறு முடியட்டும்பா."

"முடிஞ்ச மாதிரிதான? கெசிதான் போன்ல சொன்னாளே." என் பக்கம் திரும்பினார். "ஒங்கக்கா ஓட்டுத மொத விமானத்துல மொத வரிசைல நீயும் நானும்தான். சன்னலோரம் ஒனக்கு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்து ஆக்கிப் போட்ட பாவத்துக்கு அதாவது வேணும்லா."

அக்கா தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலரை பஸ்ஸுக்கு அப்பாவை ஏற்றிவிட்டு வந்தோம். கொல்லையில் நான் பாத்திரம் தேய்த்தேன், அவள் கழுவினாள். கழுவுவதற்கு அவள் வந்ததே புதுசு.

"கெசி."

"ம்."

"நான் ஓட்டுத விமானத்துல நீ ஏறாத."

நான் தேய்ப்பதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"சும்மா சொன்னேன்ட்டி. சாம்பல இங்கிட்டுத் தள்ளு."

ஜூலை 8

ஒன்றும் இல்லை. காற்று.

ஜூலை 9

2:20. எழுதினேன்.

என்னை ஏறாதே என்றாள். ஊராரை ஏறாதே என்று யார் சொல்வார்கள் என்று யோசித்தேன். பிறகு பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்தேன்.

ஜூலை 10

கேப்டனோடு 1:20. தடம் இருந்தது. பக்கத்தில் அவர் இருந்தால் அருமையாக இறக்குகிறாளாம், மீரான் அண்ணன் சொன்னார். "பூ வெச்ச மாதிரி எறக்குச்சு புள்ள" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

தனியாக, 3:10. மொத்தம் 200:20.

அக்கா அந்த எண்ணைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டான்லி சார் எல்லாருடைய புத்தகங்களையும் வாங்கிக் கட்டி அனுப்புகிறார்.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அக்கா தலைவலி என்று படுத்திருந்தாள்.

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். தண்ணீர், வடகம், கத்தரிக்காய் என்றுதான் எழுதியிருப்பதாக நினைத்திருந்தேன். வாசித்தால் தடம் இருந்தது, தடம் இல்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எழுதாத நாட்களும், கேப்டனோடு பறந்து இதில் ஏறாத நாட்களும் எனக்கு நினைவிருக்கிறது. தினமும் அவள் தலையைப் பின்னுகிறவள் நான்.

லாக்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடம் இல்லாத நாட்களைத் தனியாக எடுத்தேன். 1:40. 2:30. 2:10. 3:00. 2:40. 1:50. 3:10. 2:20. 3:10. ஒன்பது வரி. ஒன்பதும் என் கையெழுத்து. கூட்டினால் 22:30. 200:20-இலிருந்து அதைக் கழித்தால் 177:50.

இன்னும் இருபத்திரண்டு மணி பத்து நிமிடம் அவள் பறக்க வேண்டும். இந்தக் காற்றில்.

அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வைக்குள் கால்கள் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.

ஜூலை 15, திங்கள்

ஆறு மணிக்கு எழுந்து இட்லிக்கு வைத்தேன். பிறகு ஸ்கேலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

முதல் வரிக்கு ஸ்கேலை வைக்கும்போது பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரே கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிந்தது. அப்புறம் அடுத்தது. ஒன்பது கோடும் முடியும்போது இட்லி வெந்த வாசம் வந்தது.

கோடு நான் போடலாம். பக்கத்தில் கையெழுத்து அவள் போட வேண்டும். அது இல்லாவிட்டால் இது வெறும் கிறுக்கல், இன்னொருத்தி புத்தகத்தைப் பாழாக்கியது.

அக்கா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். புத்தகம் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். துண்டு கையிலிருந்து நழுவியது.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

வாய் வரவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் வந்தது.

"பத்து மணிக்குத்தான் சார் வருவாரு. நேரம் இருக்கு."

"அப்பாகிட்ட என்னட்டி சொல்லுவேன்? இருபத்தெட்டாந்தேதி..."

"நான் சொல்லுதேன்."

"நீயா? நீ வாய தொறந்து யார்ட்ட என்ன பேசியிருக்க?"

"சொல்லுதேன்."

இட்லிப் பானை விசிலடிக்காமல் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின்னால் அவள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே பேசினாள். அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது கரண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குட்டி. தனியா எறங்க வரும்போது கையி என்கிட்ட இல்ல. அன்னைக்கு ராமநாதபுரம் போய்ட்டு வந்து எறங்கும்போது விமானம் மூணு தடவ துள்ளிச்சு. ஓடுபாதைய விட்டே எறங்கிட்டேன். மண்ணுல போய் நின்னுச்சு. யாருக்கும் சொல்லல."

"கேப்டன்கிட்ட சொல்லு."

"சொன்னா வீட்டுக்குப் போன்னுருவாரு."

"பக்கத்துல உக்காருவாரு. அவரு உக்காந்தா நீ பூ மாதிரி எறக்குதியாம். மீரான் அண்ணன் சொன்னாவ. மறுபடி அங்கேருந்து ஆரம்பி."

"இருபத்திரண்டு மணி நேரம், கெசி."

"பத்து நிமிஷம்" என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சினாள். பேனா மூடி தரையில் உருண்டு என் காலில் வந்து முட்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். கோழி கிண்டின மாதிரி. இரண்டாவது. மூன்றாவது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிவிடாமல் பின்னால் சாய்ந்துகொண்டு போட்டாள். நான்காவதோடு அந்தப் பக்கம் முடிந்தது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.